காண்பதும் காட்டுவதும்

தமிழில் ‘காண்’ தன்வினை. ‘காட்டு’ அதன் பிறவினை. காணச் செல்பவர் தம் கண்ணையும் காலத்தையும் நம்பிச் செல்கிறார். காட்டுபவரோ பொருளைக் கொண்டுவந்து கண்முன் நிறுத்தும் பொறுப்பை ஏற்கிறார். இலக்கண வகுப்போடு முடிந்துவிடும் என்று தோன்றும் இவ்வேறுபாட்டை, பிலிப்பைன்ஸ் நாட்டின் இரண்டு கடற்கரை ஊர்களில் கண்கூடாகப் பார்க்கலாம். படகோட்டிகளின் பிழைப்பும் ஒரு பெருமீனின் வாழ்வும் அங்கே அதைப் பற்றியே நிற்கின்றன.

அந்த மீன் திமிங்கலச் சுறா. மீன்களுள் மிகப் பெரியது. 12 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. பெயர் அச்சுறுத்தினாலும், மிதவை உயிரிகளையும் சிறு மீன்களையும் நீரோடு உள்வாங்கி வடிகட்டி உண்ணும் சாது. அதன் உடலிலுள்ள வெண்புள்ளிகளின் அமைப்பு ஒன்றுக்கு இருப்பதுபோல் மற்றொன்றுக்கு இராது. விண்மீன்களின் அமைப்பை ஒப்பிட வானியலாளர் வகுத்த கணக்குமுறையைத் தழுவியே, ஆய்வாளர்கள் இப்புள்ளிகளைக் கொண்டு ஒவ்வொரு மீனையும் தனித்தனியே அடையாளம் காண்கின்றனர்.

லூசோன் தீவின் தென்பகுதியில் உள்ள டோன்சோல் என்னும் ஊரில் இம்மீனுக்குப் பெயர் ‘புடாண்டிங்’. 1998-இல் பிலிப்பைன்ஸ் அரசு இதைப் பிடிப்பதையும் விற்பதையும் தடைசெய்தது. அக்காலத்தில்தான் டோன்சோல் மீனவர்களின் படகுகள் பயணிகளை ஏற்றத் தொடங்கின. படகின் உயரமான இடத்தில் ஒருவர் நின்று நீருக்கடியில் கருநிழலைத் தேடுவார். ஒரு மீனுக்கு ஒரு படகு, நீரில் இறங்குவோர் ஆறு பேருக்கு மிகக் கூடாது, தொடக் கூடாது, ஒளிவீசும் படக்கருவி கூடாது. இரை போடுவதென்பதே இல்லை. மீன் வந்தால் காணலாம். வராவிட்டால் கடலைக் கண்டு திரும்பலாம். சில பருவங்களில் மீன்வரத்து மிகக் குறைந்தது, பயணிகளும் குறைந்தனர்.

செபு தீவின் ஓஸ்லோபில் நடப்பது வேறு. அங்கே 2011 முதல் மீனவர்கள் சிறு தோணிகளிலிருந்து கூனி இறாலைக் கையால் அள்ளிப் போடுகின்றனர். காலைதோறும் சுறாக்கள் கரையருகே வருகின்றன, பயணிகள் ஏமாறுவதில்லை. நாளெல்லாம் கடலில் கிடந்தும் வயிறு நிறையாத குடும்பங்கள், இவ்வருவாயால் வீடு கட்டின; பிள்ளைகளைப் படிக்கவைத்தன. மீன்பிடிப்பதையே பலர் குறைத்துக்கொண்டனர். தொலைவிலிருந்துகொண்டு இதைப் பழிப்பது எளிது, அது நேர்மையாகாது.

ஆயினும் கணக்கின் மறுபக்கமும் உண்டு. நெடுந்தொலைவு வலசை போகும் இம்மீன்களுள் சில, ஓஸ்லோபிலேயே மாதக்கணக்கில் தங்கிவிடுவதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். தோணிகளோடு உரசிய வடுக்கள் அவற்றின் உடலில் மிகுந்திருப்பதையும் கண்டனர். படகென்றால் உணவு என்று கற்றுக்கொண்ட மீன், வேட்டைக்காரனின் படகையும் அப்படியே நம்பி நெருங்கும்.

ஆக, கேள்வி ஒன்றுதான்: காணாமல் திரும்பும் நட்டம் யாருடையது? டோன்சோலில், மீன் வராத பருவத்தின் நட்டம் படகோட்டியின் தலையில் விழுகிறது. ஓஸ்லோபில் அதை மீன் சுமக்கிறது. இரண்டிடத்திலும் அதைச் சிறிதேனும் ஏற்க வேண்டியவர் பயணியே. மீனைக் காணாத நாளுக்கும் முழுக் கூலி கொடுக்க அவர் முன்வந்தால்தான், படகோட்டிக்கு ‘காட்டும்’ கட்டாயம் நீங்கும்.

நட்டத்தைப் பகிர்வது இயலாத காரியமன்று. குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் அது நடந்திருக்கிறது. ஈரல் எண்ணெய்க்கும் இறைச்சிக்குமாக இம்மீன் அங்கே வேட்டையாடப்பட்ட காலத்தில், தூண்டில்முள்ளோடு பீப்பாய்களைப் பிணைத்து அதை மடக்குவார்கள். அதனால் மீனுக்கே ‘பேரல்’ என்று பெயர். 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காப்பளித்தது. 2004-இல் தொடங்கிய பரப்புரையில் மொராரி பாபு, பிரசவத்துக்காகத் தாய்வீடு வரும் மகளோடு அதை ஒப்பிட்டார். பீப்பாய் ‘வ்ஹாலி’ ஆயிற்று; அன்புக்குரியவள் என்று பொருள். பிறகு, சிக்கிய மீனை விடுவிக்க மீனவர்கள் தம் வலைகளைத் தாமே அறுத்தனர். பெயர் மட்டும் மாறியிருந்தால் இது எத்தனை நாள் நீடித்திருக்குமோ! அறுந்த வலைக்கு அரசு இழப்பீடு வழங்கியது. அன்பின் செலவு முழுவதையும் ஏழையின் கணக்கில் எழுதவில்லை.

நாளை அக்கரையிலிருந்தும் சுறா காணும் படகுகள் புறப்படலாம். அன்று அவை ஓர் எளிய வழக்கத்தை நினைவில் கொண்டால் போதும். பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளை வாசலுக்கு இழுத்து வந்து யாரும் ஊருக்குக் காட்டுவதில்லை. அவளாக வெளியே வந்தால் காணலாம்.