பாம்பின் மேல் வைத்த பழி

எமது வீட்டுப் பூனையின் பெயர் செம்பன். மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன் ஒழுங்கை முனையில் ஒலித்தால், மற்றெவர் செவிக்கும் அது எட்டுமுன்னரே செம்பன் படலையடியில் நிற்பான். சென்ற மாதம் ஒரு புதன்கிழமை ஹோர்ன் ஒலித்தது. மீன்காரரும் வந்து நின்றார். செம்பனை மட்டும் காணவில்லை.

தேடிப் பார்த்தோம். கட்டிலின் கீழே, சுவரோரமாக முடங்கிக் கிடந்தான். வலது முன்னங்காலின் பாதம் மற்றையதைப் பார்க்கிலும் இருமடங்கு பருத்திருந்தது. மெல்லத் தொட்டோம், சீறியெழுந்து எமது பெருவிரலிற் பல்லைப் பதித்துவிட்டான். ஐந்து ஆண்டுகளாக எமது மடியில் உறங்கிய பிராணி அது! நோவு மிகுந்தால் வளர்த்த கையும் பகையாகும் என்பதை அன்று அறிந்தோம்.

உடனே வீட்டில் ஒரு வைத்திய சபை கூடிற்று. குளவி குத்தியிருக்கும், சுண்ணாம்பு பூசுங்கள் என்றார் அம்மா. மஞ்சளும் உப்பும் அரைத்துப் பற்றுப் போட வேண்டும் என்றார் அயல்வீட்டு ஆச்சி. இல்லாள் கிருமிநாசினிப் போத்தலுடன் வந்து நின்றாள். நாமோ, எல்லோரிலும் விவேகி என்னும் நினைப்புடன் அலுமாரியைத் திறந்து, பனடோல் மாத்திரை ஒன்றை எடுத்துக் கத்தியாற் பாதியாக வெட்டினோம்.

இஃது எமக்குப் புதிய காரியம் அன்று. 2003ஆம் ஆண்டில் வெள்ளைச்சி என்றொரு பூனை எம்மிடம் இருந்தது. ஒருநாள் அது நொண்டிக்கொண்டு வந்தபோது, இரக்கப்பட்டு இவ்வாறே பாதி மாத்திரை கொடுத்தோம். மறுநாட் காலை அதன் முகமும் பாதங்களும் வீங்கியிருந்தன, மூச்சு வாங்கிற்று, மாலைக்குள் இறந்துபோயிற்று. புடையன் தீண்டிவிட்டது என்று நாமே தீர்ப்புச் சொன்னோம். வேலியோரப் பற்றைகளையெல்லாம் வெட்டி எரித்தோம். கிணற்றடி முருங்கையின் கீழே வெள்ளைச்சியைப் புதைத்தோம்.

செம்பனின் வாயைத் திறக்க முனைந்த வேளையில், உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மகள் குறுக்கே வந்தாள்.

"அப்பா, கொஞ்சம் பொறுங்கோ. டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்போம்."

மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தோம். அந்த அம்மையார் முதலிற் கேட்ட கேள்வியே, "ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?" என்பதுதான். பாதிப் பனடோல் கொடுக்கப் போகிறோம் என்றோம். "ஐயா, அதைக் கொடுக்கவே வேண்டாம். பூனைக்கு அது நஞ்சு. பிள்ளையைக் கொண்டு வாருங்கள்" என்றார். நாம் பூனை என்றோம். அவர் பிள்ளை என்றார்.

எமது விரலை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவும்படியும், அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று காட்டும்படியும் சொன்னார். பூனைக்கடியாலும் விசர்நோய் பரவக்கூடும். கடித்தது வீட்டுப் பூனைதானே என்று வாளாவிருத்தல் ஆகாது.

பழைய துவாய் ஒன்றாற் செம்பனைச் சுற்றி, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து ஓட்டோவிற் கொண்டு சென்றோம். பூனையின் முன்னங்கால்களில் ஐந்தைந்தும் பின்னங்கால்களில் நான்கு நான்குமாகப் பதினெட்டு விரல்கள் உண்டு. வைத்தியர் வீங்கிய பாதத்தின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். நகம் வளைந்து சதைக்குள் வளர்ந்துள்ளதா, முள் ஏறியுள்ளதா, நூலோ இறப்பர் வளையமோ மயிருக்குள் மறைந்து இறுக்குகின்றதா என ஆராய்ந்தார். ஈற்றில், இரு விரல்களுக்கிடையே கடுகளவான இரு பொருக்குகளைக் காட்டினார். மற்றொரு பூனையின் பற்பட்ட இடம் அது.

பூனையின் பல் ஊசி போன்றது. அது கிருமியை ஆழத்திற் செலுத்திவிடும். மேல்தோலோ விரைவில் மூடிக்கொள்ளும். உள்ளே சீழ் திரண்டு, இரண்டு மூன்று நாட்களில் வீக்கமாகத் தோன்றும். வைத்தியர் விறைப்பு மருந்து கொடுத்து, மயிரைக் கத்தரித்து, கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றிக் கழுவினார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும், பூனைக்கென்றே உள்ள நோவுமருந்தும் தந்தார். எமது வைத்திய சபையின் மற்றைய தீர்மானங்களும் அங்கே தள்ளுபடியாயின. பூனை தன் பாதத்தை நக்கும் பிராணி. காலிற் பூசுவதெல்லாம் வயிற்றுக்குட் போகும். சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கும். நீரிற் கலந்தால் பாலாக வெளுக்கும் கிருமிநாசினிகள் பூனைக்கு ஆகா.

பின்னர் பனடோலைப் பற்றி விளக்கினார். அதிலுள்ள பரசிற்றமோலை மனிதரின் ஈரல் மாற்றி வெளியேற்றிவிடும். அதற்கு வேண்டிய நொதியம் பூனையின் ஈரலிற் போதிய அளவு இல்லை. ஆகவே அது நஞ்சாகிச் செங்குருதிக் கலங்களைத் தாக்கும். குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். முரசு கபில நிறமாகும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றின் பாதியே ஒரு பூனையைக் கொல்லப் போதுமாம். தவறிக் கொடுத்துவிட்டால், குணங்குறி தோன்றும்வரை காத்திராமல் உடனே கொண்டுவர வேண்டும். மாற்று மருந்து உண்டு என்றார்.

"அத்துடன், ஐயா, முகமும் பாதங்களும் வீங்கும்" என்று முடித்தார்.

மகள் எம்மைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச்சியின் கதை அவள் பிறக்குமுன் நடந்ததாயினும், வீட்டிற் பலமுறை கேட்டிருக்கிறாள். வீடு வரும்வரை அவளும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. புடையன் வந்ததை எவரும் கண்டதில்லை. அதன் பல் பட்ட இடத்தையும் எவரும் தேடவில்லை. மாத்திரை கொடுத்த கை மட்டும் எமது கைதான்.

அன்பு இருந்தால் போதும், அறிவு தானே வரும் என்று எண்ணியிருந்தோம். வெள்ளைச்சியிடம் எமக்கு அன்பு குறைவாக இருந்ததில்லை. ஒரு வார்த்தை கேட்டறியும் பொறுமைதான் இருக்கவில்லை.

இதனைப் பத்திரிகையில் எழுதுவது எமக்கு வெட்கமே. ஆயினும் பனடோல் இல்லாத வீடு நம் நாட்டில் அரிது. பூனை உள்ள வீடுகளும் பல. பிராணியின் கால் வீங்கினால் தூய துணியால் மூடி, அமைதியான இடத்தில் வைத்து, மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மனிதரின் நோவு மாத்திரை எதனையும் தாமாகக் கொடாதீர்கள். வீட்டிற் படிக்கும் பிள்ளை "பொறுங்கோ" என்றால், சற்றே பொறுங்கள்.

செம்பன் ஆறாம் நாள் நொண்டாமல் நடந்தான். ஹோர்ன் ஒலித்தபோது படலையடியில் முதலாவதாக நின்றதும் அவனே. அன்று மீன் வெட்டிய பின், அம்மா ஒரு துண்டைக் கொண்டுபோய் முருங்கையடியில் வைத்தார். ஏனென்று எவரும் கேட்கவில்லை.