பின் சீட்டு

1994ஆம் வருசம் எனக்குப் பத்தொம்பது வயசு. அமராவதிபுதூர் காலனியிலிருந்து காரைக்குடிக்கு சைக்கிள் மிதிச்சுப் போய் ஒரு கார் பட்டறையில் வேலை பார்த்தேன். பட்டறை ஒரு பாயுடையது. அவர் குடிக்கிற டம்ளரில்தான் நானும் டீ குடிப்பேன். எங்க ஊர் டீக்கடையில் எனக்குத் தனிக் கிளாஸ். இதை முதல்லயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் அம்பாசிடர் கார்தான் நிற்கும். வீட்டுக்காரர்கள் மெட்ராசில் இருப்பார்கள். திருவிழா, கல்யாணம் என்றால் வருவார்கள். மற்ற நாளெல்லாம் கார் கொட்டகையில் தூங்கும். அப்படி ஒரு வீட்டுக் கார் எங்களிடம் வந்தது. 1978 மாடல், மார்க் 3. அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் அடியிலிருந்து ஒரு உதறல். வேகம் ஏற ஏற பின் சீட்டில் இருக்கிறவர்களுக்கு முதுகுத்தண்டு வரைக்கும் அதிரும். முன்னால் ஓட்டுகிறவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

பாய் முறையாத்தான் பார்த்தார். டயரை மாற்றி மாற்றிப் போட்டார். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் புதுசு போட்டார். கியர்பாக்சிலிருந்து பின் அச்சுக்குப் போகிற நீளமான புரொப்பல்லர் ஷாப்டை இறக்கி ரெண்டு முனையிலும் கிராஸ் மாற்றினார். உதறல் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டு டிரைவர்தான் பின்னால் உட்கார்ந்து வருவார். "இருக்கு பாய், ஆனா எங்கேருந்துன்னு தெரியல" என்பார். மூணு வாரம் ஓடிவிட்டது.

இந்த மாதிரி உதறலை ஓட்டிக்கொண்டே கண்டுபிடிக்க முடியாது. ஒரு ஆள் பின்னால் உட்கார்ந்து காலையும் கையையும் தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். டயரால் வருகிற ஆட்டம் மெதுவாக இருக்கும். ஷாப்டால் வருவது பொடி அதிர்வு, வண்டு பறக்கிற மாதிரி. ஏனென்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஷாப்ட் நாலு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அந்த வித்தியாசம் எனக்குக் கையில் தெரியும். பாய்க்கு அது தெரியும். அதனால வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டார்: "இந்தப் பய பின்னால உக்காரணும்."

வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. "அடியில படுத்துப் பாக்கட்டுமே" என்றார்.

"ஓடுற வண்டிக்கு அடியில எப்படிங்க படுப்பான்?" என்றார் பாய்.

கடைசியில் ஒத்துக்கொண்டார். டிரைவரைக் கூப்பிட்டு வெள்ளை சீட்டு உறையைக் கழற்றச் சொன்னார். கொட்டகையிலிருந்து ரெண்டு கோணிச்சாக்கு வந்தது. ஒண்ணை சீட்டில் விரித்தார்கள், ஒண்ணைத் தரையில்.

எங்க அப்பத்தா சொல்லும், அதோட கல்யாணத்தில் வண்டி மாடு எதுவும் கிடையாது, நடந்துதான் வந்தோம் என்று. ஏழைக் கல்யாணம், அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். பிற்பாடு ஒரு தோழர் கொடுத்த புத்தகத்தில்தான் விசயம் தெரிந்தது. 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் 1946இல் எழுதிய புத்தகம். 1930 டிசம்பரில் நம்ம ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறினால் குடிசைக்குத் தீ. 1931 ஜூனில் தடை பதினொன்றாகியது. அதில் ஒன்று, எந்தக் காரியத்துக்கும் வண்டி வாகனம் உபயோகிக்கக் கூடாது என்பது. அறுபத்துமூணு வருசம் கழித்து எனக்குச் சாக்கு விரித்தார்கள்.

தேவகோட்டை ரோட்டில் வண்டி போனது. பாய் ஓட்டினார், பக்கத்தில் டிரைவர். அறுபது தொட்டதும் நான் கவனித்தேன். ஒண்ணும் சரியாகத் தெரியவில்லை. மொத்தமாக ஒரு மந்தமான நடுக்கம், அவ்வளவுதான். பாய் திரும்பிப் பார்த்தார். அப்பத்தான் எனக்கு உறைத்தது. சாக்கு அதிர்வைக் குடித்துக்கொண்டிருந்தது.

எங்கப்பா அந்த வீட்டுத் தோப்புக்குத் தண்ணி பாய்ச்சுகிறவர். அதையும் நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் ரெண்டு சாக்கையும் சுருட்டி ஓரத்தில் வைத்தேன். வெறும் சீட்டில் நல்லா உட்கார்ந்து, நடுவில் மேடாக இருக்கிற தகட்டில் உள்ளங்கையை வைத்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பொடி அதிர்வு. முன் முனையிலும் அதே, பின் முனையிலும் அதே. "நியூட்ரல் போடுங்க பாய்" என்றேன். இன்ஜின் சத்தம் இறங்கியது, அதிர்வு இறங்கவில்லை. அப்ப இன்ஜின் இல்லை. "கிராஸ் இல்ல பாய். ஷாப்டே சரியில்ல."

ஷாப்டை இறக்கி, பெயிண்டைச் சுரண்டினோம். உள்ளே வெல்டிங் தழும்பு. எப்பவோ யாரோ குழாயை வெட்டிப் புதுக் குழாய் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஷாப்டின் ரெண்டு முனையிலும் கவட்டை மாதிரி ஒரு யோக் இருக்கும். அந்த ரெண்டு கவட்டையும் ஒரே நேர்கோட்டில் இருந்தாக வேண்டும். சாய்வாக நிற்கிற ஷாப்டை முன் ஜாயிண்ட் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. ஒரு சுற்றுக்கு ரெண்டு தரம் வேகம் கூடிக் குறையும். பின் ஜாயிண்ட் அதைச் சரிக்கட்டிவிடும். கவட்டைகள் விலகியிருந்தால் சரிக்கட்டாது, அந்த இழுப்பு வண்டிக்குள்ளே வரும். இதில் ஒரு விரக்கடை விலகியிருந்தது. லேத்தில் கொடுத்து, வெட்டி, நேர் பார்த்து ஒட்டி, கோட்டம் இல்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்து மாட்டினோம். எண்பதில் போனாலும் உதறல் இல்லை.

சாக்கு சுருட்டிக் கிடந்ததை டிரைவர் சொல்லிவிட்டார். மறுநாள் அப்பாவைத் தோப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். ராத்திரி அப்பா என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"வண்டி சரியாயிருச்சா?"

"ஆயிருச்சுப்பா."

"அப்பச் சரி" என்றார். அந்த வருசம் முழுக்க அவர் வெளியூர்க் கூலிக்குப் போனார். அந்த வருசத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கும். சாக்கைச் சுருட்டினது தப்பு என்று மட்டும் ஒருநாளும் தோணினதில்லை.

அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் இன்னும் என் பட்டறைக்கு வருகிறார்கள். வேலை பழக வருகிற பையன்களில் எங்க தெருப் பையன்களும் உண்டு. முதல் நாளே ஸ்பானரைக் கையில் கொடுக்க மாட்டேன். வண்டியை ரோட்டுக்கு எடுத்து, "பின்னால ஏறி உக்காருடா, கைய தரையில வை, என்ன தெரியுதுன்னு சொல்லு" என்பேன். சில பையன்கள் சீட்டு நுனியில்தான் உட்காருவார்கள். "நல்லா சாஞ்சு உக்காரு. இல்லாட்டி உனக்கு ஒண்ணும் தெரியாது" என்பேன்.