‘காணை’யைப் படிக்கத் திணறும் கணினி

விழுப்புரத்திலிருந்து வடமேற்கே பத்து கிலோமீட்டருக்கு முன்பின் போனால் காணை. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். கரும்பும் நெல்லும் மணிலாவும் விளைகிற பூமி. (நிலக்கடலையை இந்தப் பக்கம் மணிலா என்றுதான் சொல்வார்கள்.) சுற்றுலாப் பட்டியல் எதிலும் இந்த ஊருக்கு இடம் கிடையாது. ஆனால் புத்தகப் பைத்தியம் பிடித்த புரோகிராமர்களுக்கு இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு புதிர் இருக்கிறது.

வீட்டில் 1978-க்கு முன்னால் அச்சான புத்தகம் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் ‘ணை’ இப்போதுபோல இருக்காது. முன்னால் தனியாக நிற்கும் ஐகாரக் குறிக்குப் பதிலாக, எழுத்தோடு ஒட்டி யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கும். பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். அரசு அதை ஏற்று ஆணை போட்டது 1978-ல், எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது. அன்றைக்கு மாறிய எழுத்துகளில் ‘ணை’யும் ஒன்று, ‘ணா’வும் ஒன்று. ஆக, காணைக்கு வடக்கே இருக்கும் எண்ணாயிரம் என்ற ஊரின் பெயரும் பழைய புத்தகங்களில் வேறு முகத்தோடுதான் இருக்கும்.

இதில் என்ன சிக்கல்? பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்தால் கிடைப்பது வெறும் படம்தான். அதில் ‘காணை’ என்று தேடினால் ஒன்றும் வராது. படத்திலிருக்கும் எழுத்தைக் கணினி வாசித்துத் தட்டச்சாக மாற்ற வேண்டும். பழைய வடிவங்கள் வரும் இடங்களில் அது தடுமாறும். போதாக்குறைக்குத் துணைக்காலையும் ‘ர’வையும் போட்டுக் குழப்பும். பெயர் தப்பாகப் பதிந்துவிட்டால், புத்தகம் இணையத்தில் இருந்தும் அந்த ஊர்க்காரர் கண்ணில் படாது.

இந்த வேலையில் கை வைத்த புரோகிராமர்களில் ஒருவர் த.சீனிவாசன். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர். 2013-ல் நண்பர்களோடு சேர்ந்து ‘ஃப்ரீ தமிழ் இபுக்ஸ்’ தளத்தைத் தொடங்கினார். எழுத்தாளரின் அனுமதி பெற்று, யாரும் இறக்கிப் படிக்கலாம், பகிரலாம் என்ற உரிமத்தில் மின்னூல் வெளியிடும் தளம் அது. ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாக ஒரு பிடிஎஃப் போடுவார்கள். சின்னத் திரையில் A4 பக்கத்தை இழுத்து இழுத்துப் படித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்!

அடுத்து வந்தது பெரிய மூட்டை. தமிழ் இணையக் கல்விக்கழகம் ஸ்கேன் செய்திருந்த நாட்டுடைமை நூல்கள், இரண்டாயிரத்துக்கும் மேல், விக்கிமூலத்துக்கு வந்தன. அத்தனை பக்கத்தையும் யார் தட்டச்சு செய்வது? பக்கங்களை ஒவ்வொன்றாகக் கூகுளின் எழுத்துணரிக்கு அனுப்பி, வரும் எழுத்தை விக்கிமூலத்தில் சேர்க்கும் பைத்தான் நிரலை எழுதினார் சீனிவாசன். பிழை திருத்தம் மட்டும் மனிதர்களுக்கு மிச்சம்.

விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணினி சொல்லிக்கொடுக்கிற கூட்டம். சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால்தான் இதெல்லாம் கைவரும் என்று நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் இறங்கிப் பார்க்கலாம்.

புத்தகம் சேர்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. எண்ணாயிரத்தில் அழகிய நரசிம்மப் பெருமாள் கோயில் இருக்கிறது. முதலாம் ராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஒன்று, இங்கே 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. யாருக்கு எவ்வளவு நெல் என்ற கணக்குகூட உண்டு. அந்த மாணவர்கள் கையில் இருந்த ஓலைகளில் ஒன்றுகூட இன்று அங்கே இல்லை. நெல் கணக்கு கல்லில் ஏறியதால் பிழைத்தது.

ஓலையைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். விழுப்புரத்திலிருந்து 40 கிலோமீட்டர்தான். 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுகள் இருக்கின்றன, பெரும்பாலும் சைவ ஆகமங்கள். என்.ஆர்.பட் போன்ற பண்டிதர்கள் ஊர் ஊராகப் போய்த் தேடியவை. 2005-ல் புதுச்சேரியின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது.

எல்லாச் சேகரிப்புக்கும் இப்படி ஒரு வீடு அமைந்துவிடாது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, வாழ்நாள் முழுக்கப் புத்தகம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிச் சென்னையிலேயே வைத்தது. இன்று ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. பல வீடுகளில் நடப்பது வேறு. அப்பா போனபின் அலமாரி காலியாகும், புத்தகம் எடைக்குப் போகும்.

அமெரிக்காவின் டொனால்ட் க்னூத்தும் இந்தச் சாதிதான். 1977-ல் தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படி அவருக்கு அழகாகத் தெரியவில்லை. நூலை அச்சுக் கோக்க ‘டெக்’ என்ற மென்பொருளைத் தானே எழுத உட்கார்ந்துவிட்டார். பல ஆண்டுகள் ஓடின. புத்தகத்தில் தப்பு கண்டுபிடித்தவர்களுக்கு இரண்டு டாலர் 56 சென்ட் காசோலையும் அனுப்பினார்.

விக்கிமூலத்தில் காசோலை கிடையாது, நிறம்தான். இயந்திரம் படித்து இன்னும் யாரும் திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் படத்தைப் பார்த்துத் திருத்தினால் மஞ்சள். காணையில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே இதைச் செய்யலாம். துதிக்கை ‘ணை’யைப் பள்ளியில் படித்த பெரியவர்களுக்கு இது இன்னும் சுலபம், பேரப்பிள்ளை கணக்குத் தொடங்கிக் கொடுத்தால் போதும். மஞ்சளான பக்கத்தை வேறொருவர் மறுபடி பார்த்தால்தான் பச்சை. திருத்தியவரே அதைப் பச்சையாக்க முடியாது.