ஐப்பசியில் என்ன வேலை?

கமுதி வட்டாரத்தின் நிலப்பயன்பாட்டு வரைபடத்துக்கு முதன்முதலாக நான் வண்ணம் கொடுத்தபோது, பாதிக்கு மேல் வெளிர் மஞ்சளாக வந்தது. எங்கள் குறியீட்டில் மஞ்சள் என்றால் தரிசு. அப்போது நான் வேலை பார்த்த ஆலோசனை நிறுவனத்தில் தரிசுக்கு ஒரே பரிந்துரைதான்: சூரிய மின்சாரம். வெயில் உண்டு, மேடு பள்ளம் இல்லை, விளைச்சல் இல்லை, விலையும் குறைவு. ஒரே நாளில் அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தேன். வேலைவாய்ப்புக்கான கட்டத்தில் ஒரு எண்ணும் போட்டேன்.

பிறகுதான் ஊருக்குப் போனேன். வரிசை மாறிப்போனது என் தவறு. அதை இன்றுவரை மறக்கவில்லை.

மஞ்சள் தீட்டிய இடமெல்லாம் சீமைக் கருவை மண்டிக் கிடந்தது. நடுவே புகை. மண் பூசிய குவியலைச் சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் கரி மூட்டத்தைப் பார்க்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. நான் வெளியூர்க்காரி என்பதால் அருகில் போய்ப் பார்த்தேன். வெட்டிய கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே இலைதழை போட்டு, ஈரமண்ணால் மூடி, உள்ளே நெருப்பு வைக்கிறார்கள். காற்று அதிகம் போனால் எல்லாம் சாம்பல். போகாவிட்டால் கட்டை வேகாது. நாள்கணக்காக, ராத்திரியும் ஒருவர் காவல் இருந்து, புகையின் நிறத்தைப் பார்த்து ஓட்டையை அடைப்பார், திறப்பார். ஆறிய பிறகு பெண்கள் கரியைப் பொறுக்கிச் சலித்து மூட்டை பிடிப்பார்கள். எரிசக்தி பற்றி நான் படித்ததைவிட அதிகமாக அந்தக் காவல்காரருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் அறிக்கையில் அவர் 'திறனற்ற தொழிலாளர்'.

கருவை நல்ல மரம் என்று சொல்ல வரவில்லை. விறகுப் பஞ்சத்துக்காகக் கொண்டுவந்து பரப்பிய மரம், கண்மாய்க்குள் இறங்கிவிட்டது. வரத்துக்கால் அடைபட்டது, மேய்ச்சல் போனது, நாட்டு மரங்கள் போயின. அதை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களுக்கென ஒரு கொள்கையே கொண்டுவந்ததும் சரியான நடவடிக்கைகள். ஆனால் மரத்தைப் பிடுங்கும்போது அதை நம்பியிருக்கும் குடும்பம் எந்த வரிசையில் நிற்கிறது என்று கேட்பதுதான் என் தொழில். ஒரே மூச்சில் அகற்றினால் நிலக்காரருக்கு நிலம் மிஞ்சும். மூட்டம் போடுகிறவருக்கு எதுவும் மிஞ்சாது. அவர் பெயரில் பட்டா கிடையாது. ஏக்கர் கணக்கில் மரத்தை விலைபேசி எடுப்பவர் வேறு ஆள். இவருடையது கூலியும் முன்பணக் கடனும் மட்டுமே.

கமுதிப் பக்கம் 2016இல் அமைந்த சூரிய மின் நிலையம் 648 மெகாவாட். ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 25 லட்சம் தகடுகள். கட்டியபோது உலகத்திலேயே ஒரே இடத்தில் அமைந்த பெரிய நிலையங்களில் ஒன்று. இந்த மின்சாரம் நமக்கு வேண்டும், இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. அனல் மின்சாரத்தைக் குறைக்காவிட்டால் மழை இன்னும் தாறுமாறாகும், அதில் முதலில் அடிபடுவது வானம் பார்த்த இந்தப் பூமிதான். ஆனால் சூரிய மின்சாரத்தின் சுபாவம் ஒன்றைத் திட்டக்காரர் புரிந்துகொள்ள வேண்டும். கட்டும் சில மாதங்களில் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். கட்டி முடித்தபின் மிகச் சிலரே போதும். கமுதியில் தகடு துடைப்பதைக்கூட இயந்திரங்கள் செய்கின்றன, தண்ணீர் மிச்சமாகிறது. அது நல்ல தொழில்நுட்பம்தான். ஆகவே கட்டுமானக் காலத்தின் எண்ணை வேலைவாய்ப்புக் கட்டத்தில் போட்டுவிட்டு நகர்வது, ஊருக்குப் பொய் சொல்வது. நான் முதலில் போட்ட எண் அப்படிப்பட்டது.

மிஞ்சும் வேலைகளுக்கும் ஐ.டி.ஐ. படிப்பு கேட்பார்கள். மூட்டம் போடும் ஒரு அக்காவின் மகள் அதைப் படிக்கலாம், படிக்க வேண்டும். அதற்குப் பயிற்சி நிலையத்தில் இடமும் விடுதியும் திட்டத்தில் இருக்க வேண்டும். ஆனால் நாற்பத்தைந்து வயது அக்கா என்ன செய்வார்? மகளுக்குக் கிடைக்கும் வேலையைத் தாய்க்கான ஈடாகக் கணக்கு வைக்கக் கூடாது. இருவருக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது.

இன்னொன்றையும் தாமதமாகத்தான் கண்டேன்: பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு பெண் எவ்வளவு தூரம் போய் வேலை பார்க்க முடியும் என்ற வட்டம் ஒரே நாளில் விரிந்தது, பேருந்து போகும் ஊர்களில். காலை ஆறரை மணி வண்டி இல்லாத ஊர்களில் வட்டம் நடந்துபோகும் தூரத்திலேயே நின்றது. அதன்பிறகு நான் வரையும் ஒவ்வொரு வரைபடத்திலும் முதல் வண்டியும் கடைசி வண்டியும் உண்டு. போக்குவரத்தைத் தனி அத்தியாயமாகப் பின்னால் தள்ளுவதில்லை.

நிலத்தின் விஷயமும் அப்படியே. விற்றுவிட்டால் ஒருமுறை பணம், குத்தகை என்றால் வருடாவருடம் பணம். ஊராட்சியே சொந்தக்காரராக இருக்க முடியுமா என்று கேட்டால் சிரிப்பவர்களுக்கு ஓடந்துறையைச் சொல்வேன். கோயம்புத்தூர் மாவட்டத்தின் அந்த ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி, தன் தேவைக்கு மேற்பட்ட மின்சாரத்தை விற்றது. எல்லா ஊருக்கும் அது வாய்க்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கேள்வியைத் தாளில் எழுதாவிட்டால் பதிலும் வராது.

சரி, மூட்டக்காரர்களிடம் திரும்புகிறேன். மூன்றாவது முறை போனபோது வரைபடத்தை எடுத்துப் போகவில்லை. ஒரு பெரிய தாளில் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டம் போட்டு, மரத்தடியில் விரித்தோம். எந்த மாதம் என்ன வேலை, எத்தனை நாள், யாருக்கு என்று புளியங்கொட்டை வைக்கச் சொன்னோம். கோடையில் மூட்டம், மிளகாய்ப் பழம் எடுப்பு. ஆடி ஆவணியில் புழுதி விதைப்பு. தையில் அறுப்பு. நூறு நாள் வேலை வந்த மாதங்களில் சில கொட்டைகள். ஐப்பசியும் கார்த்திகையும் வெறுமையாகக் கிடந்தன. மழை பெய்தால் மூட்டம் நனையும், வேலை கிடையாது. அந்த இரண்டு மாதத்தில் வாங்கும் கடனுக்குத்தான் மீதி வருடம் வெட்டிக் கழிக்கிறார்கள். எத்தனையோ கணக்கெடுப்புப் படிவங்களில் நான் பார்க்காத ஓட்டை, புளியங்கொட்டை இல்லாத இரண்டு கட்டமாக என் முன்னால் இருந்தது.

அதிலிருந்து திட்டம் வேறு மாதிரி எழுந்தது. கருவையைக் கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் முதலில் எடுப்பது. பட்டா நிலத்தில் இருப்பதைப் பல வருடத்துக்குப் பிரித்துக்கொள்வது. எடுக்கும் வேலையை இயந்திரக்காரருக்கு மட்டும் விடாமல், மூட்டக் குழுக்களுக்கே கொடுத்து, கட்டையையும் அவர்களுக்கே விடுவது. தூர் வரை தோண்டாவிட்டால் மறுபடி தழைக்கும் என்பதையும், தூர்க்கட்டைக் கரிக்கு நல்ல விலை உண்டு என்பதையும் அவர்கள்தான் சொன்னார்கள். காலியாகும் கரையில் பனையும் நாட்டு மரங்களும் வைக்க நாற்றங்கால் போடுவது. தண்ணீர் நிற்கும் கண்மாய் என்றால் அடுத்த வருடம் வயல்வேலை கூடும். கரி எரிப்பதே கரியமில வாயுவைக் கூட்டாதா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் மூட்டத்தை நிரந்தரம் ஆக்காமல், பத்து வருடத்தில் இறங்கிப்போகும் ஒரு படிக்கட்டாக எழுதினோம்.

ஐப்பசிக்கு என்ன வழி என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. கரி சலித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாதான் சொன்னார். "மழைக்காலத்துல கரிக்கு வெல ஏறும் தாயி. அதுவரைக்கும் வச்சிருக்க எங்களுக்கு எடமும் இல்ல, கைல காசும் இல்ல. கோடையில கேட்ட வெலைக்குத் தள்ளிவிட்டுருவோம். நாலு பக்கமும் அடச்ச ஒரு கொட்டகை இருந்தா, ஐப்பசியில உள்ள ஒக்காந்து சலிப்போம், மூட்ட புடிப்போம்."

கொட்டகையும், கரியை ஈடாக வைத்து மகளிர் குழு வழியாகக் கொஞ்சம் முன்பணமும். அவ்வளவே. அதை அன்று இரவே எழுதினேன்.

அரசியல் சட்டத்தின் 243 இசட்.டி. பிரிவின்படி மாவட்டத் திட்டக்குழுவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்க வேண்டும். ஊரின் கணக்கு நேராகப் போய்ச் சேர வேண்டிய இடம் அது. ஆனால் அதற்கு முன்னால் படிவம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் 'உருவாகும் புதிய வேலைகள்' என்று ஒரு கட்டம். கொட்டகைக்கு நேராக நான் பூஜ்யம் என்று எழுத வேண்டியிருந்தது. புதிதாக யாரும் வேலைக்குச் சேரப் போவதில்லை, அதே ஆட்கள்தான், அதே கரிதான். பூஜ்யம் எழுதிய பணிகள் முதல் வடிகட்டலிலேயே நின்றுவிடும்.

அளவுகோலை எடுத்து, படிவத்தின் வலது ஓரத்தில் இன்னொரு கட்டம் போட்டேன். 'கூடும் வேலை நாள்கள், எந்த மாதத்தில்' என்று தலைப்பு எழுதினேன். கொட்டகைக்கு நேராக 'ஐப்பசி, கார்த்திகை' என்று எழுதிவிட்டு, எத்தனை நாள் என்று அந்தப் பெரியம்மாவிடம் கேட்டு வர மறுநாள் காலை முதல் வண்டியில் ஏறினேன்.