ராவு எங்க படுத்த?

முதலாம் பாடம். நாலாம் ஆண்டுப் பையன் ஒருவன் வயிற்றுக்குத்து என்றான். சற்று நேரத்தில் இமை சரிய, மேசையில் தலை சாய்த்தான். தூங்குகிறான் என்று ஏசினேன். பதில் சொல்ல முயன்றான், நாக்குக் குழறியது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் வயிற்றைத் தடவினார், இமைகளைத் தூக்கிப் பார்த்தார். பிறகு உம்மாவிடம் ஒரு கேள்வி:

"புள்ள ராவு எங்க படுத்த?"

"தரையில, பாயில."

கட்டுவிரியன்! தூக்கத்தில் கடித்தால் பெரும்பாலும் வலி தெரியாது. பல் தடமும் தென்படாது. நஞ்சு தசைகளைச் சோரவைத்து மூச்சையும் நிறுத்திவிடும். கண் மூடிக் கிடப்பவனுக்கு நினைவு மட்டும் இருக்கும்.

விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மூச்சுக்கு இயந்திரம் வைத்தார்கள். அதைக் கழற்றிய அன்று பையன் சொன்னான்:

"சேர், நான் தூங்கல்ல."

இப்போதெல்லாம் மேசையில் தலை சாய்ப்பவனை ஏசுமுன், அந்த டொக்டரின் கேள்வியையே கேட்கிறேன்.