கள்ளுக்குத் துணை கப்பை

மட்டாஞ்சேரியின் கிடங்குத் தெருக்களில் முதலில் ஊர் சுற்றுவது மூக்குதான். மிளகு, சுக்கு, ஏலம். போர்ச்சுக்கீசியர் 1555-இல் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்த அரண்மனையையும் யூதத் தெருவையும் பார்த்து முடித்த பிறகு வயிறு தன் பங்கைக் கேட்கிறது. அதற்கான பதில் தெற்கே, கும்பளங்கிப் பக்கத்துக் காயல் ஓரங்களில் இருக்கிறது. பலகையில் ஒரே சொல்: கள்ளு. மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்ட எனக்கு வேலை வைக்காத சொல்.

கள்ளோடு வருவது வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு. இவர்கள் மொழியில் கப்பை. கூடவே குடம்புளி போட்ட மீன் கறி. கறியின் காரம் நாக்கைச் சுட, கள்ளின் இனிப்பும் இளம்புளிப்பும் அதைத் தணிக்கின்றன. பெல்ஜியத்தின் ஷிமே மடத்துத் துறவிகள் பீரும் காய்ச்சினார்கள், பாலாடைக்கட்டியும் செய்தார்கள். இரண்டும் ஒரே மண்ணின் பிள்ளைகள். கொச்சியின் ஜோடி அப்படி அல்ல. கள் பூர்வகுடி, கப்பை வந்தேறி.

எவ்வளவு பூர்வகுடி? கொச்சிக்கு வடக்கே இருந்த முசிறியைப் பாடும் பரணர், சேரன் குட்டுவனின் கள் நீரைப் போல மலிந்திருந்ததாகச் சொல்கிறார். புறநானூற்றின் 343-ஆம் பாட்டு அது. மீனை விற்று நெல் குவிப்பவர்களும் அதே பாட்டில் உண்டு. கள்ளும் மீனும் அன்றே இருந்தன. மரவள்ளியும் மிளகாயும் மட்டும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி வர வேண்டியிருந்தது. 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் மரவள்ளிச் சாகுபடியை ஊக்குவித்தார். 1942-இல் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் அடுப்பில் அதுவே சோறானது. பஞ்சத்துக்கு வந்த கிழங்கு இன்று விருந்துக்கு உட்கார்ந்திருக்கிறது.

"காலையில் இறக்கிய கள் இருக்கா, சேட்டா?" என்றேன். பரிமாறியவர் சிரித்தார். "இவிடத்துக் கள் இல்லை சாரே. சித்தூரிலிருந்து வண்டியில் வருது."

சித்தூர் பாலக்காட்டில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கும் மேல். கள்ளுக்குப் பயணம் ஆகாது. பானையில் விழுந்ததுமே புளிக்கத் தொடங்கி, மாலைக்குள் ஏறி, அதிக நாள் வைத்தால் காடியாகிவிடும். காலையும் மாலையும் மரம் ஏற ஆள் வேண்டும். ஏறியவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். போகக்கூடாது என்று கீழே உட்கார்ந்து குடிப்பவன் சொல்ல முடியாது.

எல்லைக்கு இந்தப் பக்கம் கதை வேறு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவது குற்றம். அரசுக் கடையில் பிராந்தி வாங்குவது குற்றமில்லை. சங்கப் பாட்டில் கள்ளைப் படித்துப் பரீட்சை எழுதிய எனக்கு, அதன் ருசியைத் தெரிந்துகொள்ள வாளையாறு தாண்ட வேண்டியிருந்தது.

குவளையைக் காலி செய்தேன். சற்றே புளிப்பு கூடியிருந்தது. மீன் கறி அதைப் பொருட்படுத்தவில்லை.