வண்டி போனால் வடை வாசம்!

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம். வீட்டின் முன்பக்கம் பலகாரக் கடை, பின்பக்கம் அடுப்பு. அப்பா போடும் முறுக்கும் மிக்சரும் காராசேவும் வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பழைய டீசல் வேனில் ஏறி கோத்தகிரி கடைகளுக்குப் போகும்.

பலகாரம் போடும் வீட்டில் எண்ணெயும் மிஞ்சும். வாரத்துக்கு இரண்டு டின் கறுத்த பாமாயில். அதை வாங்கிப் போக மொபெட்டில் ஒருவர் வருவார். டின்னுக்கு 500 ரூபாய். “எங்கே கொண்டு போறீங்க?” என்று ஒருமுறை அம்மா கேட்டதற்கு, “சோப்புக் கம்பெனிக்குங்க” என்றார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. காலி டின் திரும்பி வர வேண்டுமே என்பதற்காக ஒவ்வொரு டின்னிலும் பச்சை பெயின்ட்டில் ஒரு பொட்டு வைப்பார் அப்பா.

2018 ஜனவரி. நான் கோவையில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. மாலையில் பஸ் விட்டு இறங்கியதும் தோழிகளோடு பஸ் ஸ்டாண்ட் தள்ளுவண்டியில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அன்றைக்கு மழை தூறியதால் என்னை அழைத்துப்போக அப்பாவே வந்திருந்தார். பஜ்ஜிக்காரர் சட்டியில் ஊற்றுவதற்காக வண்டிக்கு அடியிலிருந்து ஒரு டின்னை இழுத்தார். அதில் பச்சைப் பொட்டு.

அப்பா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் கேட்டார்.

“எத்தனை நாளாக் கண்ணு இங்கே சாப்பிடறே?”

“காலேஜ் சேர்ந்ததுல இருந்துங்கப்பா.”

அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுவாரம் மொபெட்காரர் வந்தபோது, “இனிமே எண்ணெய் இல்லீங்க” என்று அனுப்பிவிட்டார்.

விற்க மனசில்லை. சாக்கடையில் ஊற்றினால் கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் பின்கட்டில் எட்டு டின் சேர்ந்துவிட்டது. அப்போதுதான் நான் வாய் திறந்தேன்.

“அப்பா, 1900-ல பாரிஸ்ல ஒரு பெரிய கண்காட்சி நடந்துச்சு. அங்கே ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில ஓட்டிக் காட்டினாங்க. எந்த எண்ணெயில ஓடுதுன்னு பார்த்தவங்களுக்கே தெரியலையாம். அந்த இன்ஜினைக் கண்டுபிடிச்ச ருடால்ஃப் டீசலே இதைச் சொல்லியிருக்கார்.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். “அப்போ நம்ம வண்டியும் ஓடுமா?”

“ஓடும்பா.”

அந்த ஒரு வார்த்தைக்கு நாங்கள் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

எண்ணெயை இரண்டு நாள் அசையாமல் தெளியவைத்து, பழைய வேட்டியை நான்காக மடித்து வடிகட்டினார் அப்பா. மூன்று பங்கு டீசலுக்கு ஒரு பங்கு எண்ணெய். சாவியைத் திருப்பினார். வண்டி ஓடியது! டீசல் லிட்டர் 70 ரூபாயைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம் அது. புகையில் டீசல் நெடிக்குப் பதிலாக வடை சுடும் வாசம். கோத்தகிரி கடைக்காரர்கள், “உங்க வண்டி வர்றது வளைவுலயே மூக்குக்குத் தெரிஞ்சிடுதுங்க” என்று கேலி செய்வார்களாம். கோடை முழுக்க அப்பா முகத்தில் சிரிப்பு. ‘எம் பொண்ணு சொன்ன யோசனை’ என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஐப்பசியில் புகை கறுத்தது. மேட்டில் இழுவை குறைந்தது. “வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று நினைத்துக்கொண்டோம்.

மார்கழியில் ஒருநாள், புத்தாண்டு ஆர்டரோடு போன அப்பா, குஞ்சப்பனை பக்கம் யானை நிற்கிறது என்று கேள்விப்பட்டு கோத்தகிரியிலேயே தங்கிவிட்டார். விடியற்காலை சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. பேட்டரி தீரும்வரை முயன்றும் பலனில்லை. மெக்கானிக் வந்து டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “ஏனுங்கண்ணா, டேங்க்குல நெய்யா ஊத்தினீங்க?” என்று கேட்டாராம். பனியில் பாமாயில் அப்படி உறைந்து போயிருந்தது. இன்ஜெக்டர் முனைகளில் கரி படிந்து, துளைகள் பாதி மூடியிருந்தன. ஃபில்டர், இன்ஜெக்டர், பம்பு வேலை என்று எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். வருஷம் முழுக்க மிச்சம் பிடித்ததும் போய், கையிலிருந்தும் போனது.

நான் அழுதுவிட்டேன். அப்பா திட்டவில்லை. “நீ சொன்னது பொய்யில்லையே கண்ணு. பாதி சொன்னே, அவ்வளவுதான்” என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மீதிப் பாதியைத் தேடி கல்லூரியில் எங்கள் மேடத்திடம் போனேன். அவர் விளக்கியது இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டியானது. டீசல் இன்ஜினில் எரிபொருள் மிக நுண்ணிய சாரலாகப் பீய்ச்சப்பட வேண்டும். கெட்டி எண்ணெய் அப்படிச் சிதறாது. பெரிய துளிகளாக விழுந்து, முழுதாக எரியாமல் கரியாகப் படியும். கண்காட்சியில் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டுவது வேறு, வருஷக்கணக்கில் மலை ஏறுவது வேறு.

இதற்கு வழி ஒன்று உண்டு. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்துக்கொண்ட அமைப்பு. அந்த மூன்றையும் பிரித்து, தனித்தனியாக மெத்தனாலோடு சேர்த்துவிட்டால் அதுதான் பயோடீசல். தோராயமாக 100 கிலோ எண்ணெய்க்கு 10 கிலோ மெத்தனால் சேர்த்தால், 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும். கெட்டித்தன்மை கிட்டத்தட்ட டீசல் அளவுக்கு இறங்கிவிடும். தாவர எண்ணெயை இப்படி மாற்றி எரிபொருளாக்கும் முறைக்கு 1937-லேயே பெல்ஜியத்தில் சவான் என்ற விஞ்ஞானி காப்புரிமை வாங்கியிருக்கிறார். நான்தான் பாரிஸோடு படிப்பை நிறுத்திக்கொண்டேன்.

“அப்போ வீட்டிலேயே செஞ்சிடலாமா மேடம்?” என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மெத்தனால் விஷம். உள்ளே போனா கண் பார்வை போகும், உயிரே போகும். தீப்பிடிச்சா வெளிச்சத்துல அந்தத் தீ கண்ணுக்கே சரியாத் தெரியாது. அடுப்பு எரியுற வீட்டுல அதை வைப்பியா? அதுவும் பொரிச்ச எண்ணெயில அமிலம் அதிகம். அதைச் சரி பண்ணாம காரம் சேர்த்தா பயோடீசலுக்குப் பதிலா சோப்புதான் வரும்.” மொபெட்காரரின் சோப்புக் கம்பெனி நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரவில்லை.

2019-ல் எங்கள் பகுதி உணவுக் கடைக்காரர்களை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கூட்டத்துக்கு அழைத்தார்கள். திரும்பத் திரும்பப் பொரிக்கும்போது எண்ணெயில் கெட்ட பொருட்கள் சேர்ந்துகொண்டே போகும். அவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலேயே நாடு முழுக்க வந்துவிட்டது என்றார்கள். பேனா போல ஒரு மீட்டரைக் காட்டினார்கள். அப்பா கையோடு கொண்டுபோயிருந்த எண்ணெயையும் சூடாக்கி அதில் முக்கினார்கள். 31 காட்டியது. “இன்னும் ரெண்டு நாள் ஓட்டலாம்னு நினைச்சிருந்தேன்” என்று வீட்டுக்கு வந்து சொன்னார் அப்பா. நிறத்தை வைத்தே எண்ணெயைக் கணக்குப் போட்டுப் பழகிய மனிதர் அவர்.

தீர்ந்துபோன எண்ணெயை அனுமதி பெற்றவர்கள் வாங்கி பயோடீசல் ஆலைக்குக் கொடுக்கும் ஏற்பாடும் அந்தக் கூட்டத்தில்தான் தெரிந்தது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்துகிறவர்கள் கணக்கு எழுதியே ஆக வேண்டும். நாங்கள் அவ்வளவு பெரிய ஆட்கள் இல்லை. இருந்தாலும் அப்பா அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிவிட்டார்.

இப்போது மாதம் இருமுறை வண்டி வருகிறது. எடை போட்டு ரசீது தருகிறார்கள். முதல் முறை ஒரு டின் அளவுக்கு 350 ரூபாய்தான் கிடைத்தது. மொபெட்காரர் கொடுத்ததைவிட 150 குறைவு. அப்பா கவலைப்படவில்லை. எண்ணெயை அவர்களுடைய கேனில் ஊற்றிவிட்டு டின்னை எங்களிடமே வைத்துக்கொள்கிறார். பச்சைப் பொட்டு வைத்த டின் எதுவும் எங்கள் வாசலைத் தாண்டுவதில்லை. வருகிற பையனிடம் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: “இது வண்டிக்குத்தானே தம்பி போகுது?” அவனும் சலிக்காமல், “வண்டிக்குத்தானுங்க” என்பான்.

எங்கள் வேன் பங்க் டீசலுக்குத் திரும்பிவிட்டது. வடை வாசம் போய்விட்டது.

அந்தப் பஜ்ஜிக்காரரிடமும் அப்பா போய்ப் பேசிப் பார்த்தார். “புது எண்ணெய் ஊத்துனா எனக்குக் கட்டுப்படி ஆகாதுங்கண்ணா. விலையை ஏத்துனா யார் வாங்குவாங்க?” என்று கேட்டிருக்கிறார் அவர். அப்பாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. வண்டி இன்றைக்கும் அங்கேயே நிற்கிறது. அதற்கு அடியிலும் ஒரு டின் இருக்கிறது. எங்களுடையது இல்லை, வேறு யாரோ ஒருவருடையது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குக் கடையோ மெஸ்ஸோ கேன்டீனோ இருந்தால், பழைய எண்ணெயை வாங்கிப் போகிறவரிடம் அது எங்கே போகிறது என்று கேளுங்கள். ரசீது கேளுங்கள். எங்கள் அம்மா கேட்டதுபோல ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். வீட்டில் மிஞ்சுவது கொஞ்சம்தான் என்றால், வடிகட்டி வைத்து ஓரிரு நாளில் தாளிக்கவோ வதக்கவோ பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். புது எண்ணெயோடு கலக்காதீர்கள், சிங்க்கில் ஊற்றாதீர்கள்.

முக்கியமாக, யாராவது “சமையல் எண்ணெயில வண்டி ஓடும்” என்று சொன்னால் முழுதாகக் கேட்டுவிட்டு டேங்க்கைத் திறங்கள். பாதி சொல்லிவிட்டு நிறுத்தும் பெண் உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கலாம்.